இருநூற்றுப் பதினான்காம் பகுதியின் குரல்

அத்தியாயம் 17

விருதுப் பரிந்துரைப் பட்டியல் வெளியாகும் நாளன்று குளிர்சாதனப் பெட்டியைத் துடைப்பது அண்ணியின் வழக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அதில் பிசகியதில்லை. நடிக்க வந்த முதல் வருடம், பட்டியலில் தன் பெயர் இருக்குமென்று நம்பித் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தாள். இல்லையென்று தெரிந்ததும், எழுந்து போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, துடைக்கப் போனாள். அடுத்த ஆண்டிலிருந்து காரணம் முன்கூட்டியே தயாராக இருந்தது. காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தி, தட்டுகளை உருவி வைத்து, பனிக்கட்டி உருகி வடியும்வரை தரையில் துணியோடு உட்கார்ந்துவிடுவாள். எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு, யார் வீட்டுச் சமாசாரத்தையோ விசாரிப்பதுபோல, "யாருக்காம் இந்த வருஷம்?" என்று கேட்பாள்.

அவளை அண்ணி என்று அழைக்கும் உரிமை முறைப்படி நாத்தனார் ஒருத்திக்கே உண்டு. ஆனால் தொலைக்காட்சித் தொடரில் அவள் ஏற்றிருக்கும் மூத்த மருமகள் வேடத்தால், மளிகைக் கடைக்காரர் முதல் பேருந்து நடத்துநர் வரை ஊரே அவளுக்குக் கொழுந்தனாரும் நாத்தனாருமாக ஆகிப்போயிருந்தது.

அசல் நாத்தனாருக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். குடிநீர் அலுவலகத்தில் புகார் சொல்வோரின் தொலைபேசியை எடுப்பது அவள் உத்தியோகம். வாய் ஓயாது என்று அண்ணன் வைத்த பெயர் அது. எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பேசுவாள் என்பதால் அந்தப் பெயர் நிலைத்தும் போயிற்று. அண்ணி இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதமே, அண்ணியின் குரலில் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, "உடனே வீட்டுக்கு வாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று அழுது, அவரை அரைநாள் விடுப்பில் ஓடிவரச் செய்த புண்ணியவதி.

பட்டியலைப் படிப்பதும் அவள் பொறுப்புத்தான். அன்று அடுக்களை வாசற்படியில் கைப்பேசியோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிறந்த திரைப்படம். அந்தக் கப்பல் படம் இருக்கு."

"அதுவா? கப்பல் மூழ்கறதுக்குள்ள நான் ரெண்டு தடவை தூங்கி எழுந்துட்டேன்," என்று முன்னறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். ஒரு கீழ்வரிசைப் பல்லை விளக்கருகே பிடித்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒளிப்பதிவு. இருட்டுலயே எடுத்தாங்களே, அந்தப் படம்."

"அதுல பக்கத்து சீட்டுக்காரரைத்தான் நல்லாப் பார்த்தேன்."

"சிறந்த நடிகர். அப்பாவும் மகனுமா ரெட்டை வேஷம் கட்டினவரு."

"ரெண்டுல ஒண்ணுலயாவது நடிச்சிருக்கலாம்."

"அநியாயம்ண்ணா! அந்தப் பள்ளிக்கூட வாட்ச்மேன் படத்துக்கு ஒண்ணுமே இல்ல! அதைப் பார்த்து நீயே மூக்கைச் சிந்தினியே."

"எனக்கு ஜலதோஷம்."

அண்ணி பனிக்கட்டியைச் சுரண்டியபடி சிரித்தாள். சிரித்தாளே தவிர, நிமிரவில்லை.

"அடுத்தது தொலைக்காட்சி. சிறந்த நடிகை…" என்று தொடங்கிய ரேடியோ நிறுத்தினாள். அந்த வீட்டில் அப்படியொரு நிசப்தம் எப்போதாவதுதான் வரும். பிறகு ஒரு கத்தல் எழுந்தது. "அண்ணி! உங்க பேரு! மூணாவதா உங்க பேரு!"

அண்ணன் கையில் பல்லோடு ஓடிவந்தார். ரேடியோ ஈரத் தரையில் மண்டியிட்டு அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணியின் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

"எந்தப் பகுதிக்காம்?" என்றார் அண்ணன்.

ரேடியோ கைப்பேசியைப் பார்த்தாள். "இருநூத்திப் பதினாலு," என்றாள், சற்றுத் தணிந்த குரலில்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

அந்தப் பகுதியின் கதை அந்த வீட்டில் மூவருக்கும், வெளியே ஒலிப்பதிவாளர் ஒருவருக்கும் மட்டுமே தெரியும். நான்கு மாதங்களுக்கு முன் அண்ணிக்குத் தொண்டை புண்ணாகிக் குரலே அடைத்துப்போனது. படப்பிடிப்பு முடிந்திருந்தது, குரல் பதிவு மட்டும் பாக்கி. மறுநாள் ஒளிபரப்பு. இயக்குநர் வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தார். ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட, துணைக்கு வந்திருந்த ரேடியோ விளையாட்டாக ஒரு வரி பேசிக் காட்டினாள். அவர் எழுந்து பதிவறைக் கதவைத் திறந்துவிட்டார். பெற்ற மகளே முகம் பார்க்க மறுத்துவிட்டாள் என்று மருத்துவமனை நடைவழியில் மூத்த மருமகள் கேள்விப்படும் காட்சி அது. முதலில் சிரிப்புப்போலத் தொடங்கி, பாதியில் மூச்சு இடறி, பிறகு உடைகிற அழுகை. அந்த அழுகையை ஊரே ஒரு வாரம் பேசியது.

"அதனால என்ன?" என்றாள் ரேடியோ. "முகம் அண்ணியோடதுதானே. எல்லாரும் ரேடியோவுலயா பார்த்தாங்க?"

அண்ணன் சிரித்தார். அண்ணி குனிந்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

ஏனென்றால், அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். ஆறு வாரங்களுக்கு முன், தயாரிப்பு நிர்வாகி விருதுக்கு அனுப்பும் படிவத்தோடு ஒப்பனை அறைக்கு வந்திருந்தார். பகுதி எண் 214 என்று தட்டச்சாகியிருந்தது. அதன்கீழ் ஒரு வரி: 'இப்பகுதியில் ஒலிப்பது என் சொந்தக் குரலே என உறுதியளிக்கிறேன்.' அண்ணி இரண்டையும் படித்தாள். அவர் நீட்டிய பேனா எழுதவில்லை. அவர் பையைத் துழாவி வேறொன்று எடுக்க ஒரு முழு நிமிடம் ஆயிற்று. உண்மையைச் சொல்ல அந்த நிமிடம் போதும். அவள் சொல்லவில்லை. மற்ற எல்லாப் பகுதியும் என் குரல்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டாவது பேனாவால் கையெழுத்திட்டாள்.

*

பன்னிரண்டு மணிக்கு ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்துவிட்டார்கள். சோபாவைச் சன்னல் பக்கம் நகர்த்தினார்கள். பல்செட் அச்சுகளை அண்ணன் மேசையடியில் ஒளித்துவைத்தார்.

"பல்லு பின்னாடி தெரிஞ்சா சிரிச்ச முகமா இருக்குமேண்ணா," என்றாள் ரேடியோ. அவள் கூந்தலை இறுக்கி வாரி, நல்ல செருப்பு போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். பின்னணிக் குரல் நிறுவனம் ஒன்று புதுக் குரல்களுக்குத் தேர்வு வைத்திருந்தது. இரண்டரை மணிக்கு அவள் முறை. "பன்னண்டு வருஷமாத் தண்ணி வரலைன்னு ஜனங்க திட்டறதைக் கேட்டாச்சு. இனிமே நான் பேசறதை அவங்க கேக்கட்டும்," என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செய்தியாளர் சின்னப் பெண். கண்களில் நிஜமான மரியாதை இருந்தது. "மேடம், அந்த ஆஸ்பத்திரி சீன்ல அழுவீங்களே, எங்க ஆபீஸ்ல வேலையை நிறுத்திட்டுப் பார்த்தோம். சிரிக்கற மாதிரி ஆரம்பிக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

வாசலருகே ரேடியோ கிளம்பாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அதுக்கு முன்னாடி மூணு நாள் நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலைம்மா," என்றாள் அண்ணி மெதுவாக. "உள்ளயே வச்சிருந்தேன். அப்புறம் தானா வந்தது."

மூன்று நாள் பேசாதிருந்தது உண்மைதான். தொண்டையில் மருந்து தடவிக்கொண்டு, வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்த மூன்று நாட்கள் அவை. அந்த உண்மையை எடுத்து ஒரு பொய்க்கு முட்டுக் கொடுத்தோம் என்பது வாயை மூடியபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"தவம்னே சொல்லணும் மேடம்," என்றாள் செய்தியாளர்.

ரேடியோ வாசலிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, ஓசையின்றிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

*

நான்கு மணிக்குத் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்னாச்சு?" என்றார் அண்ணன்.

"ஒரு கதை சொல்லட்டுமா? ஒரு காட்டுல ஒரு சிங்கம். அதுக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கிச்சு. கர்ஜிக்கலைன்னா மானம் போயிடும். பக்கத்துக் குகையில ஒரு கரடி இருந்துச்சு. சிங்கம் பாறைமேல நின்னு வாயை மட்டும் திறக்க, பாறைக்குப் பின்னாடி கரடி கர்ஜிச்சுது. காடே நடுங்கிப்போச்சு. சரின்னு ஒருநாள் அந்தக் கரடி, நமக்கும் ஒரு பாறை கிடைக்குமான்னு காட்டுச் சபைக்குப் போய்க் கர்ஜிச்சுக் காட்டிச்சாம். சபைத் தலைவர் யானை என்ன சொல்லுச்சு தெரியுமா?"

அண்ணியின் கை சேலைத் தலைப்பில் முறுக்கிக்கொண்டு நின்றது.

"'ஏம்மா, இது சிங்கத்தோட கர்ஜனை. அப்பட்டமா காப்பியடிச்சுட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்லையா?'ன்னு கேட்டுச்சாம்." ரேடியோ சிரித்தாள். "நிஜமாண்ணா. உங்களுக்கு நல்லா வர்றதைச் செய்ங்கன்னாரு. எனக்கு அந்த அழுகைதான் நல்லா வரும். செஞ்சேன். உடனே கம்ப்யூட்டர்ல அந்தப் பகுதியைப் போட்டு, 'இதான் ஒரிஜினல், நீங்க நகல். எங்களுக்கு நகல் வேண்டாம்'னு அனுப்பிட்டாரு."

"நீ சொல்ல வேண்டியதுதானே, அது நான்தான்னு!"

"எப்படிண்ணா சொல்றது? காலைலதான் அண்ணி பேரு வந்திருக்கு. நான் வாயைத் திறந்தா சாயங்காலம் ஊரு பூரா தெரிஞ்சிடும்." வாய் ஓயாதவள் என்று பெயரெடுத்தவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு குனிந்து செருப்பு வாரைக் கழற்றலானாள். அது கழலவே நெடுநேரம் ஆயிற்று. அவள் முகத்தை நிமிர்த்தாதிருக்கவே அந்த வாரோடு போராடுகிறாள் என்பது அண்ணிக்குப் புரிந்தது.

"அந்த ஃபார்ம்ல நான் கையெழுத்துப் போட்டேன்," என்றாள் அண்ணி.

"எந்த ஃபார்ம்ல?"

"விருதுக்கு அனுப்பினதுல. குரல் என்னோடதுன்னு எழுதியிருந்துச்சு. அதுக்குக் கீழ."

"எல்லாப் பகுதிக்கும் சேர்த்துக் கேட்டிருப்பாங்க," என்றார் அண்ணன்.

"இல்லைங்க. பகுதி நம்பர் இருந்துச்சு."

ரேடியோவின் கை நின்றது. "பார்த்துட்டாண்ணி போட்டீங்க?"

"பார்த்துட்டுதான் போட்டேன்."

அடுக்களையில், துடைத்து மூடிய பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, 'போட்டுக்கோங்க அண்ணி'ன்னு நானே சொல்லியிருப்பேனே," என்றாள் ரேடியோ. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. "கேட்டா குடுத்திருப்பேன். கேக்காமயே எடுத்துக்கிட்டீங்க."

அண்ணி எழுந்தாள். "அந்த யானையோட நம்பர் என்ன?"

தேர்வாளர் இரண்டாவது மணியில் எடுத்தார். "வணக்கம் சார். மத்தியானம் உங்ககிட்ட ஒரு பொண்ணு வந்தா. அவ என்னைக் காப்பியடிக்கலை. அந்தக் காட்சியில…"

"ஏம்மா, போன்லயும் ஆரம்பிச்சுட்டியா?" என்று அவர் குரல் சீறியது. "நடிகை மாதிரியே பேசி சிபாரிசு பண்ணிக்கறியே! வையி போனை!"

இணைப்பு அறுந்தது. அண்ணன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு, இருவரின் முகத்தையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"நேர்லதான் போகணும்," என்றாள் அண்ணி. "அதுக்கு முன்னாடி போக வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. செருப்பைப் போடு."

*

விருதுக் குழுவின் அலுவலகம் இரண்டாம் மாடியில், ஐந்தரைக்கு மூடுவது. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த அலுவலர் அம்மாள் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! நன்றி சொல்ல வந்தீங்களா? நாங்க பூங்கொத்து வாங்கறதில்லைங்க."

"ஒரு தப்பைத் திருத்தணும்."

"பேருல எழுத்து விட்டுப்போச்சா?"

"இல்லைங்க. நான் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன்." அண்ணி நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரையும் பார்த்தார். "பேரு விட்டுப்போச்சுன்னு மேசையைத் தட்டறவங்களைப் பார்த்திருக்கேன். எடுத்துடுங்கன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? சிறந்த தொடருக்கும் சிறந்த இயக்குநருக்கும் இதே பகுதியைத்தான் அனுப்பியிருக்காங்க. உறுதிமொழி பொய்யின்னு கடிதம் வந்தா, குழு மொத்தப் பகுதியையும் தள்ளி வைக்கலாம். வாக்குச்சீட்டு நாளைக்குக் காலைல போயிடும். எழுதறதா இருந்தா இப்பவே எழுதணும்."

இதை அண்ணி எண்ணிப் பார்க்கவில்லை. தன் தலையில் விழுவதைத் தாங்கவே அவள் வந்திருந்தாள். இயக்குநரின் தலை நினைவுக்கே வரவில்லை. நேற்றுவரை தன் நலத்துக்காக ஒருத்திக்குத் தீங்கு செய்தாயிற்று. இன்று மனநிம்மதிக்காக இன்னொருவருக்குச் செய்கிறோமோ என்று தடுமாறி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போகலாம் அண்ணி," என்று ரேடியோ அவள் காதருகே சொன்னாள். "அவரு பாவம், ஒண்ணுமே தெரியாதவரு. எனக்கு இது வேண்டாம். நீங்க வாயால சொன்னீங்களே, போதும்."

போதும் என்று ஏற்றுக்கொள்வது மிகவும் எளிதாக இருந்தது. அத்தனை எளிதாக இருந்ததாலேயே அண்ணி பயந்தாள். ஒப்பனை அறையிலும் இப்படித்தான் எளிதாக இருந்தது.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க," என்றாள்.

இயக்குநருக்கு இது தெரியாது என்று முதல் வரியிலேயே எழுதினாள். ஒலிப்பதிவாளரை இழுக்காமல், தன் சம்மதத்தோடுதான் நடந்தது என்று எழுதினாள். குரலுக்குரியவளின் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு எழுதினாள். அம்மாள் வாங்கி, தேதியையும் நேரத்தையும் குறித்து, முத்திரை குத்தினார்.

"காலைல குழு கூடும். என்ன முடிவாகும்னு என்னால சொல்ல முடியாதுங்க."

படி இறங்குவதற்குள் அண்ணியின் கைப்பேசி அதிர்ந்தது. இயக்குநர். செய்தி அதற்குள் எட்டிவிட்டதா, அல்லது காலையில் விட்டுப்போன வாழ்த்தா, தெரியவில்லை. அவள் அதைப் பைக்குள் போட்டாள்.

*

பதிவுக்கூடத்தில் தேர்வாளர் கழுத்தில் ஹெட்ஃபோனோடு விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பின்னால் ரேடியோவைக் கண்டதும் சுருங்கியது.

"சார், மத்தியானம் நீங்க ஒரிஜினல்னு போட்டுக் காட்டினது இவ குரல்தான்," என்றாள் அண்ணி. "போன்ல பேசினதுதான் நான்."

அவர் நம்பாமல் தலையைச் சொறிந்தார். பிறகு பதிவறையைத் திறந்துவிட்டு, பகுதியைத் திரையில் ஓடவிட்டு, ஒலியை முழுக்க அணைத்தார்.

கண்ணாடிக்கு இப்பால் அண்ணி உட்கார்ந்தாள். அப்பால் ஒலிவாங்கியின் முன் ரேடியோ. திரையில் அண்ணியின் முகம் மௌனமாக நடைவழியில் நின்றது. உதடு அசைந்தது. ரேடியோ சிரிப்புப்போலத் தொடங்கினாள். மூச்சு இடறவேண்டிய இடத்தில் இடறியது. உடையவேண்டிய இடத்தில் உடைந்தது. ஓர் அசைவுகூட விலகவில்லை.

தேர்வாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் இந்தப் பொண்ணை நகல்னு சொல்லிட்டேனே," என்றார், யாரிடமென்று இல்லாமல்.

"உள்ள பேசறதுக்கு எதை அமுக்கணும்?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் ஒரு பொத்தானைக் காட்டினார். அவள் அதை அழுத்தினாள். "நல்லாக் கேளு. சார் முன்னாடியே சொல்றேன். மத்தியானம் கேமரா முன்னாடி நான் சொன்னது பொய். உன்னோடதை என்னோடதுன்னு எழுதிக் குடுத்தது திருட்டு. அந்தச் செய்தியாளர் பொண்ணைக் கூப்பிட்டு இதையே திரும்பச் சொல்லப்போறேன். என்னை மன்னிச்சுடு."

கண்ணாடிக்கு அப்பால் ரேடியோ இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதில் சொல்ல வாயெடுத்தவள், அண்ணியின் பையைச் சுட்டிக்காட்டினாள். கைப்பேசி மறுபடி அதிர்ந்துகொண்டிருந்தது. அது எட்டாவது முறை.

"இயக்குநர்தானே?" ஒலிவாங்கி வழியே அவள் குரல் அறை முழுதும் நிறைந்தது. மூக்கு அடைத்திருந்தாலும் குறும்பு திரும்பியிருந்தது. "பயமா இருந்தா குடுங்கண்ணி. உங்க குரல்ல நானே திட்டு வாங்கிக்கறேன்."

அண்ணி தலையசைத்து மறுத்தாள். கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தாள்.

"நான்தாங்க பேசறேன்," என்றாள். "முழுசாச் சொல்லிடறேன். அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."